எஸ், டி என்று தொடங்கும் ஆறு சொற்கள்

உட்கார் தம்பி, இரண்டு டீ சொல்லியிருக்கிறேன். கைபேசியில் நீ ஆடும் சொல் விளையாட்டு, எஸ், டி என்று தொடங்கும் ஐந்தெழுத்துச் சொல்லைக் கேட்டது. நீ குருட்டாம்போக்கில் 'ஸ்டோப்' என்று போட்டாய், ஏற்றுக்கொண்டது. பிறகு 'ஸ்டல்' போட்டாய், அதையும் ஏற்றுக்கொண்டது. இரண்டுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்கிறாய். கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்ல எனக்கு ஆசையாகவே இருக்கிறது. அவை நம் ஊருக்கு அடியில் நூற்றிருபது ஆண்டு புழங்கிய சொற்கள்.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் இங்கே சுரங்க வேலையை ஏற்றது. மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பல தலைமுறையாகத் தகரமும் செம்பும் வெட்டியவர்கள். அவர்களோடு அவர்களுடைய தொழில் பேச்சும் கப்பலேறி வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்த நம் ஆட்கள் அதைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள். ஆனாலும் அகராதியில் தேடிப் பிடிக்க வேண்டிய இந்தச் சொற்களைத் துல்லியமாகப் பயன்படுத்தினார்கள். தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து வராது. ஸ்டேஷன் நம் நாக்கில் 'டேசன்' ஆவது அதனால்தான். அப்படிப்பட்ட நாக்குக்குள் இத்தனை எஸ், டி புகுந்தது என்றால், தினமும் எட்டு மணி நேரம் அவற்றோடு வாழ்ந்ததால்தான்.

முதலில் ஸ்டோப். படிக்கட்டைக் குறிக்கும் 'ஸ்டெப்' என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். தங்கம் இருப்பது வெள்ளைக் கல் இழையில். ரீஃப் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பல இடங்களில் அதன் தடிமன் மூன்று நான்கு அடிதான். ஆனால் ஏறக்குறைய நட்டுக்குத்தாக ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போகும். நூறு அடிக்கு ஒன்று என்கிற மாதிரி கிடைமட்டமாகச் சுரங்கப்பாதை போடுவார்கள். அதற்குப் பெயர் லெவல். இரண்டு லெவலுக்கு நடுவில் இருக்கும் ரீஃபைப் படிப்படியாக வெட்டி எடுப்பார்கள். வெட்டி முடித்ததும் மிஞ்சுகிற ஒடுக்கமான, செங்குத்தான வெற்றிடம்தான் ஸ்டோப். ஆள் நின்று துளை போட்டதும், புழுதி குடித்ததும், பலருக்கு நுரையீரல் கெட்டதும் அங்கேதான். வெள்ளைக் கல் புழுதி நெஞ்சில் படிந்து வரும் நோய் சிலிகோசிஸ். ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியபோது பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே போயிற்று. அகராதி இந்த இடத்துக்கு ஒரு வரி கொடுத்திருக்கிறது. எனக்கு அது போதவில்லை.

வெட்டிய வெற்றிடம் சும்மா நிற்காது. இரண்டு பக்கப் பாறையும் ஒன்றையொன்று நெருக்கும். அதைத் தாங்க இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் குறுக்கே இறுக்கிச் செருகும் கட்டைதான் ஸ்டல். ஆழம் கூடக்கூட மரம் தாங்கவில்லை. கருங்கல்லைச் செதுக்கி உள்ளே இறக்கிச் சுவராக அடுக்கினார்கள், பின்னாளில் கான்கிரீட் போட்டார்கள். அப்படியும் சில நேரம் பாறை தானாக வெடித்துச் சிதறும். ராக் பர்ஸ்ட் என்பார்கள், ஏர் பிளாஸ்ட் என்றும் சொல்வார்கள். மேலே வீட்டுப் பாத்திரம் அதிரும். அந்த அதிர்வுக்கு, சுரங்கத்துக்குள் ஆள் இருக்கிற வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தை நம் ஊரில் தொடங்கியதற்குப் பின்னால் இந்த அனுபவம் முழுவதும் இருக்கிறது.

டீயைக் குடி, ஆறிப்போகிறது.

ஸ்டெம்மிங் சுருக்கமான விஷயம். துளைக்குள் வெடிமருந்து வைத்தபின் வாயைக் களிமண்ணால் அடைப்பது. அடைக்காவிட்டால் வெடியின் வேகம் வெளியே ஓடிவிடும், பாறை உடையாது. ஸ்டேஷன் அதைவிடச் சுருக்கம்: ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியில் கேஜ் என்ற கூண்டு நின்று ஆள் இறங்கும் மேடை.

ஸ்ட்ரைக் என்றால் உனக்கு வேலைநிறுத்தம்தான் தோன்றும். சுரங்கத்தில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு: பாறை அடுக்கு தரையில் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. ஜெர்மன் சுரங்கக்காரர்களின் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பொருள் இது. நம் ரீஃபின் ஸ்ட்ரைக் வடக்கு தெற்கு; சாய்வு மேற்கே. பாலகாட், நந்திதுர்க்கம், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன் என்று சுரங்கங்கள் ஏன் வரிசையாக இருந்தன என்று இப்போது புரிகிறதா? பங்காரப்பேட்டையிலிருந்து வரும் ரயிலும் கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று அந்த வரிசையை ஒட்டித்தானே போகிறது. நீ தினம் காலேஜுக்கு ஏறுகிற ரயில் அது.

உனக்குத் தெரிந்த அந்த இன்னொரு ஸ்ட்ரைக்கும் இங்கே நடந்தது. 1930இல் தொழிலாளர்கள் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. குற்றவாளியிடம் வாங்குவதுபோல எங்களிடம் வாங்குவதா என்று ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்துவிட்டார்கள். பெரிய சங்கம் என்று எதுவும் வேரூன்றாத காலம் அது. அந்த மறுப்பை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன்.

கடைசிச் சொல் ஸ்டாம்ப். தபால்தலை இல்லை, ரப்பர் முத்திரையும் இல்லை. உரலில் உலக்கை விழுவதுபோல, கனத்த இரும்புத் தலைகள் வரிசையாக ஏறி ஏறி விழுந்து கல்லை மாவாக்கும் ஆலை. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 92 மைல் கம்பியில் ஓடிவந்தது இந்தச் சுரங்கங்களை இயக்கத்தான். கல்மாவைத் தண்ணீரோடு பாதரசம் பூசிய செம்புத் தகட்டின்மேல் ஓடவிட்டால் தங்கம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் தப்பிய பொடித் தங்கத்தை சயனைடு கரைசலில் கரைத்து எடுப்பார்கள். மிச்ச மண்ணை வெளியே கொட்டுவார்கள். நீ ஏறி விளையாடிய சயனைடு மேடு அதுதான்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு, சுரங்கங்களைக் கடைசியாக நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. அந்த மேடுகளில் இன்னும் கொஞ்சம் தங்கம் இருப்பதால், மண்ணை மறுபடி அலசி எடுக்கும் பேச்சு அவ்வப்போது அரசாங்கத்தில் எழுகிறது. அந்த மண்ணுக்கு ஆங்கிலத்தில் டெய்லிங்ஸ் என்று பெயர். அது எஸ், டி-யில் தொடங்குகிற சொல் இல்லை. உன் விளையாட்டில் டி-க்கு வரும்போது போட்டுக்கொள்.