பாம்பன் காற்றும் சைக்கிள் ஜாக்கெட்டும்

மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சைக்கிளில் கிளம்பினேன். முந்தைய வருடம் ஊட்டிப் பயணத்துக்காக வாங்கிய கனத்த ஜாக்கெட்டைப் போட்டிருந்தேன். உள்ளே மெத்தென்ற துணி, வெளியே காற்றும் மழையும் புகாத துணி. வியர்வையை வெளியேற்றும் என்று கழுத்துச் சீட்டில் அச்சடித்திருந்தது. உச்சிப்புளி வருவதற்குள் கைப்பகுதியை அழுத்தினால் நீர் கசிந்தது. வானத்திலிருந்து ஒரு சொட்டு விழவில்லை, அத்தனையும் வியர்வை. மண்டபத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் பொறுக்க முடியாமல் ஜிப்பை இறக்கினேன். வாடை நேராக நெஞ்சுக்குள் புகுந்தது. பாம்பன் டீக்கடையில் இறங்கி நிற்கும்போது பல் தந்தியடித்தது. அன்று காலை வெப்பமானி காட்டியது 24 டிகிரி.

குளிர் என்று சொல்ல எதுவுமே இல்லாத ஊரில் ஓர் ஆள் முதலில் வெந்து, பிறகு நடுங்குவது எப்படி? சைக்கிள் ஜாக்கெட் வாங்க நினைப்பவர்கள் விலையையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன்னால் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

சைக்கிள் மிதிப்பவரின் உடம்பு ஓர் எஞ்சின். சாப்பிட்ட சோற்றின் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் பெடலுக்குப் போகும். மீதி முக்கால்பங்கு வெப்பம். ஓரளவு விரைவாக, 150 வாட் அளவில் மிதிக்கிறவர் கூடவே சுமார் 450 வாட் வெப்பத்தையும் உண்டாக்கிக்கொண்டே போகிறார். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். அந்த வெப்பம் முழுவதும் வியர்வை வழியாகவே போக வேண்டுமென்றால் மணிக்கு 700 மில்லி அளவுக்கு வேர்த்தாக வேண்டும். உடம்பில் காற்று படும்படி ஓட்டினால் இவ்வளவு தேவைப்படாது; பெரும்பங்கைக் காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும். ஜாக்கெட் அந்த வழியை அடைத்து, பாரம் முழுவதையும் வியர்வையின் தலையில் கட்டுகிறது. பிறகு அந்த வியர்வைக்கும் குறுக்கே நிற்கிறது.

குறுக்கே நிற்காத துணி ஒன்றை உண்டாக்க முடியுமா என்ற கேள்விக்குக் கிடைத்த ஒரு விடைதான் கோர்டெக்ஸ். 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லான் வகைப் பொருளின் கம்பியைச் சூடாக்கி மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அறுந்தது. கடைசியில் வெடுக்கென்று ஒரே இழுப்பாக இழுத்தபோது, அறுவதற்குப் பதில் பல மடங்கு நீண்டது. அப்படி நீண்ட பொருளுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி துளைகள். மழைத்துளி அவற்றில் நுழைய முடியாத அளவுக்குப் பெரிது. நீராவி மூலக்கூறோ தாராளமாகப் போய்வரும் அளவுக்குச் சிறிது. சில ஆண்டுகளில் இந்தப் படலம் ஒட்டிய மழை ஜாக்கெட் விற்பனைக்கு வந்தது. துளையே இல்லாமல், ஈரத்தை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் விடும் பாலியூரித்தேன் படலங்களும் உண்டு. இன்று சுவாசிக்கும் துணி என்று விற்கிறவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் நம்பியிருக்கின்றன.

ஆனால் துணி சுவாசிப்பதில்லை. அதற்கு நெஞ்சுமில்லை, நுரையீரலுமில்லை. உள்ளே நீராவி நெருக்கமாகவும் வெளியே நெருக்கமில்லாமலும் இருந்தால், அது தானாக வெளியே நகரும். நகர்த்துவது அந்த வித்தியாசம். பாம்பனில் கருவாடு காயவைக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குனி வெயிலில் சட்டென்று காயும் மீன், கார்த்திகையில் கூதல் காற்று எவ்வளவு அடித்தாலும் பிசுபிசுவென்றே கிடக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இன்னும் கொஞ்சத்துக்கு இடம் ஏது?

கணக்காகவே பார்க்கலாம். வியர்த்த தோலின் சூடு 34 டிகிரி என்றால் அங்கே நீராவியின் அழுத்தம் ஏறக்குறைய 53 மில்லிபார். கொடைக்கானலில் 10 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வெளிக்காற்றில் அது 10தான். வித்தியாசம் 43. ராமேஸ்வரத்தில் அதே 85 விழுக்காடு, ஆனால் 25 டிகிரி: வெளியே 27, வித்தியாசம் 26. மழையில் ஜாக்கெட்டின் மேல்துணி நனைந்து ஊறிவிட்டாலோ வெளிப்பக்கமே 32 ஆகிவிடும், மிஞ்சுவது 21. அதே ஜாக்கெட், அதே விலை. மலையில் தள்ளுவதில் பாதியை அல்லது அதற்குச் சற்று மேலாகத்தான் நம் கரையில் அதனால் தள்ள முடியும். என் கனத்த ஜாக்கெட் பொய் சொல்லவில்லை. அது வேறு ஊருக்காகத் தைத்தது.

சீட்டில் இருக்கும் எண்களையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். 10,000 கிராம் என்றிருந்தால், ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் அவ்வளவு நீராவியைக் கடத்தும் என்று பொருள். மணிக்கு 400 கிராமுக்குச் சற்று மேலே. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது ஆய்வுக்கூடத்தின் காற்றில் கிடைத்த எண். சோதனை முறை மாறினால் எண்ணும் மாறும், அதனால் இரண்டு கம்பெனிகளின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியாது. ஆர்.இ.டி. என்ற இன்னோர் அளவு எனக்கு மேலாகப் படுகிறது. வியர்க்கும் தோலைப்போல 35 டிகிரியில் ஈரமாக வைத்த தகட்டின் மேல் துணியை விரித்து, நீராவிக்கு அது கொடுக்கும் தடையை அளக்கிறார்கள். குறையக் குறைய நல்லது. 6க்குக் கீழே இருந்தால் மிக நல்ல துணி. 20ஐத் தாண்டினால் சைக்கிளுக்கு ஆகாது.

எந்த எண்ணையும்விட இந்தக் கரையில் உதவுவது திறப்பு. மழையில் வயலுக்குப் போகிறவர்கள் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியை நினைத்துப் பாருங்கள். தலையிலும் முதுகிலும் மழை படாது. முன்பக்கம் முழுக்கத் திறந்தது. குனிந்து நாற்று நடும் உடம்பின் சூடு அந்த வழியாகவே போய்விடும். நல்ல சைக்கிள் ஜாக்கெட்டில் நான் தேடுவதும் அதுதான். அக்குளில் ஜிப் அல்லது வலைத்துணி. முதுகில் மடிப்புக்கு அடியில் ஒரு திறப்பு. மேலும் கீழும் இரண்டு பக்கமிருந்தும் திறக்கும் முன் ஜிப். முன்னால் நுழையும் காற்று முதுகு வழியாக வெளியேறினால் உள்ளே தேங்கிய ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அதன் முன்னால் எந்தப் படலமும் நிற்க முடியாது.

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு என் யோசனை இது. வருடத்தில் பெரும்பாலான நாட்களுக்குக் கையில்லாத காற்றுத்தடுப்பு ஒன்று போதும். நெஞ்சுப்பக்கம் மெல்லிய நைலான், முதுகு முழுக்க வலைத்துணி, மடித்தால் பின்பாக்கெட்டில் அடங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தனியாக ஒரு மெல்லிய மழை ஜாக்கெட். தையல்களின் உட்பக்கம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள், தண்ணீர் முதலில் புகுவது அங்கேதான். குனிந்து ஓட்டும்போது இடுப்பு வெளியே தெரியாதபடி பின்பக்கம் நீளமாகவும், முன்பக்கம் குட்டையாகவும் இருக்க வேண்டும். கடையில் நிமிர்ந்து நின்று போட்டுப் பார்த்தால் இது தெரியாது. கைகளை ஹேண்டில்பாரில் வைப்பதுபோல நீட்டிக் குனிந்து பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் காற்றில் பாய்போலப் புடைக்கும். அடியில் பருத்திப் பனியன் வேண்டாம், அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய பாலியஸ்டர் உள்சட்டை நல்லது. கறுப்பு நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள். இருட்டில் வரும் சுற்றுலாப் பேருந்துகளுக்கு நீங்கள் தெரிய வேண்டும். உள்ளே மெத்தென்ற துணி வைத்த குளிர்கால ஜாக்கெட்டைக் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் விட்டுவிடலாம்.

காற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1988இல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலம் ஏறக்குறைய 2.3 கி.மீ. நீளம், இரண்டு பக்கமும் திறந்த கடல். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறவர்மேல் பக்கவாட்டில் 30 கி.மீ. காற்று அடித்தால், உடம்பு உணரும் காற்று 39 கி.மீ. பக்கத்திலிருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். அந்த மாதிரி நாளில் சைக்கிள்காரருக்கு அங்கே வேலையில்லை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் கொட்டித்தீர்த்த 41 செ.மீ. மழைக்கும் எந்த ஜாக்கெட்டும் பதில் ஆகாது.

டீக்கடையில் நான் நடுங்கியதற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். மிதிப்பதை நிறுத்தியதும் உடம்பின் வெப்பம் 450 வாட்டிலிருந்து ஏறக்குறைய 100 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் நனைந்த துணிக்கு அது தெரியாது; காற்று இருக்கும்வரை அது ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே நம் ஊரில் ஜாக்கெட் அதிகம் தேவைப்படுவது ஓட்டும்போதல்ல, நிற்கும்போது. 2017இலிருந்து தார்ச்சாலை ராமேஸ்வரம் தீவின் கோடியான அரிச்சல்முனை வரை போகிறது. வாடை காலத்தில் அங்கே வடக்குப் பக்கம் இருக்கும், பெண் கடல் என்று சொல்லும் கடல்தான் கொந்தளிக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு முதுகுப் பாக்கெட்டிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துப் போடுங்கள், கிளம்பிச் சூடேறியதும் கழற்றி மடித்துவிடுங்கள். பிரெவே என்ற நெடுந்தூரச் சைக்கிள் பயணம் ஓட்டுகிறவர்கள் 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அவர்கள்கூட ஜாக்கெட்டைப் போட்டுக் கழற்றும் இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ஜாக்கெட்டை அப்படியே ஆணியில் மாட்டாதீர்கள். மேல்துணியில் மழைத்துளி முத்தாக உருண்டு ஓடுவதற்கு ஒரு பூச்சு இருக்கிறது. கடல் உப்பும் வியர்வையும் அழுக்கும் அதன்மேல் படிந்தால் துளி உருளாமல் பரவி ஊறும். அப்போதுதான் முன்பு சொன்ன அழுத்த வித்தியாசம் 26இலிருந்து 21 ஆகிறது. நல்ல தண்ணீரில் அலசுங்கள். துவைக்கும்போது மென்மையான சோப்பு போதும், துணிக்கு மணமும் மிருதுவும் கொடுக்கும் திரவம் கூடவே கூடாது. சீட்டில் அனுமதி இருந்தால், காய்ந்தபின் இளஞ்சூட்டில் ஒரு துணியை மேலே விரித்து இஸ்திரி போடுங்கள், பூச்சு ஓரளவு மீண்டெழும். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும். உருண்டு விழுந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது தயார்.