குற்றமே சாட்சி

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை இரத்தினக் கடைவீதியைக் காட்டுமிடத்து, நால்வகைக் குற்றமும் நீங்கிய வைரத்தையே சிறப்பித்துரைக்கிறது. மணியினுள்ளே புள்ளியோ கீற்றோ இருப்பின் விலை குறையும். அன்றும் இன்றும் வணிகர் வழக்கு அதுவே. ஆனால், வணிகர் குற்றமென்று ஒதுக்கும் அப்புள்ளியே புவிச்சரிதவியலாளருக்குக் கிடைத்தற்கரிய சாட்சி.

பளிங்கு வளரும்போது, தன்னைச் சூழ்ந்த திரவத்தில் ஒரு துளியையோ பிற கனிமத்தின் துணுக்கொன்றையோ உள்ளே அடைத்துக்கொள்வதுண்டு. 1858ஆம் ஆண்டில், செபீல்ட் நகரத்து அறிஞர் ஹென்றி கிளிப்டன் சோர்பி இத்தகைய துளிகளை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பல துளிகளின் நடுவே ஒரு குமிழி இருந்தது. வெப்பமுற்றிருந்தபோது அறை முழுவதையும் நிரப்பிய திரவம், குளிர்ந்ததும் சுருங்கிற்று. அவ்வாறு வெறுமையான இடமே குமிழி. எனவே கல்லை மெல்லச் சூடாக்கினால் ஒரு நிலையிற் குமிழி மறையும். பளிங்கு தோன்றியபோது வெப்பநிலை அதனிலும் குறைந்திருக்க முடியாது. மலையை நுணுக்குக்காட்டியால் பார்ப்பதா என்று நகைத்தோர் உண்டு. இன்று அம்முறை உலகெங்கும் ஆய்வுகூடங்களிற் கையாளப்படுகிறது.

வைரமோ இன்னும் ஆழத்துச் செய்தியைக் கொணர்கிறது. மனிதன் நிலத்தில் நேர்கீழாகத் துளைத்த மிக ஆழமான துளையும் 12 கிலோமீற்றரைச் சற்றே தாண்டியது. பிரேசிலின் ஜுயீனாப் பகுதியில், ஆற்றுச் சரளையிற் கிடைத்த பழுப்பு வைரமொன்று வணிகருக்கு அற்பமானது. 2014இல், அதனுள் றிங்வூடைற் என்னும் கனிமத்தின் நுண்துணுக்கு இருப்பதாகக் கிரகாம் பியர்சன் குழுவினர் அறிவித்தனர். 500 கிலோமீற்றருக்கும் கீழே உருவாகும் அக்கனிமத்தின் நிறையில் ஏறத்தாழ 1.5 சதவீதம் நீர். அது பாயும் நீரன்று. கனிமத்தின் கட்டமைப்பிலேயே பிணைந்த நீர். பூமியின் ஆழத்திலும் நீர் உண்டென்பதற்கு அத்துணுக்கே நேர்ச்சான்றாயிற்று.

நம் நாட்டு நீலக்கற்களும் இத்தகைய சாட்சிகளைத் தாங்கியுள்ளன. பட்டிழை போன்ற உரூட்டைல் ஊசிகளையும் காபனீரொட்சைட்டு நிறைந்த நுண்ணறைகளையும் அவற்றிற் காணலாம். மங்கலான கெவுடக் கற்களை உயர்வெப்பத்தில் வைத்து நீலமாக்கும் தொழில் 1970களிலிருந்து பெருகிற்று. ஊசிகள் கரைய, அவற்றிலுள்ள தைற்றேனியம் கல்லிலுள்ள இரும்போடு கூடி நிறம் தருகிறது. நுண்ணறைகள் வெடித்துச் சிதைகின்றன. கல் அழகு பெறுகிறது. ஆனால் தன் பிறப்பின் கதையை இழந்துவிடுகிறது. சூடேற்றாத நல்ல நீலத்துக்கே இன்று விலை அதிகம் என்பதும், அதற்குச் சான்று கூறுபவை கரையாத அவ்வூசிகளே என்பதும் விந்தையன்றோ!

தொழிலை நிறுத்தச் சொல்வது நம் நோக்கமன்று. சூளைக்குச் செல்லுமுன் சில கற்களையேனும் நம் மாணவர் நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து நோக்கட்டும். கண்டதை எழுதி வைக்கட்டும். சூளையில் அழிந்த சாட்சியை எவ்விலை கொடுத்தும் மீண்டும் அழைக்க இயலாது.