கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி

"ஆச்சி, நாலு நாளா எழுத்தைப் பார்த்தா நட்ட நடுவுல அழுக்கு ஒட்டின மாதிரி தெரியுது. கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்க்கிறேன், போகலை."

காரைக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் இப்படிச் சொன்னபோது, பவர் மாறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவள் வீட்டு இரண்டாங்கட்டில் இருக்கும் லேசர் மிஷின் நினைவுக்கு வந்தது. கல்யாண வீடுகளுக்குக் கொடுக்க மரத் தட்டுகளில் பெயர் பொறித்துத் தருகிறாள். பொழுதுபோக்காக ஆரம்பித்தது, இப்போது கைச்செலவுக்கும் ஆகிறது. "கூடக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கிறியாடி?" என்றேன். "அது ஆரஞ்சு கலர் ஆச்சி, போட்டா கோடு சரியாத் தெரியலை" என்றாள்.

அந்த ஆரஞ்சு நிறத்தில்தான் விஷயமே இருக்கிறது. இந்தச் சிறு மிஷின்களில் பெரும்பாலும் இருப்பது சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல லேசர். நீலத்தைத் தடுக்கத்தான் ஆரஞ்சு. வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவவே உதவாது. மிஷினின் அலைநீளமும், எவ்வளவு தடுக்கும் என்ற 'ஓ.டி.' எண்ணும் கண்ணாடியில் அச்சடித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது வெறும் கலர் பிளாஸ்டிக்தான்.

டார்ச் வெளிச்சம் போகப் போக விரியும்; லேசர் அப்படி விரிவதில்லை. கண்ணுக்குள் நுழைந்ததும் நம் கண்ணின் லென்ஸே அதை ஊசிமுனையளவு இடத்தில் குவித்துவிடுகிறது. விழித்திரையில் விழும்போது அதன் செறிவு ஒரு லட்சம் மடங்கு வரை கூடிவிடும். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கியிருக்கிறோமே, அதே கதைதான். எழுத்துப் படிக்க, ஊசியில் நூல் கோர்க்க உதவும் 'மாகுலா' என்ற நடுப்பகுதியில் அது பட்டால்தான் நடுவில் கரும்புள்ளி தெரியும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் சுட்டதே நமக்குத் தெரிவதில்லை!

கூட்டத்தில் சுட்டிக்காட்டப் பயன்படும் 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட சிவப்புப் பேனா தற்செயலாகக் கண்ணில் பட்டால், கால் வினாடியில் இமை மூடிக்கொள்ளும். பெரும்பாலும் கெடுதல் வராது. 5 வாட் மிஷின் என்றால் 5,000 மில்லிவாட். இமை மூடுவதற்குள் காரியம் முடிந்துவிடும். எவர்சில்வர் தட்டில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஆபத்துதான். நம் செட்டிநாட்டு வீடுகளில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடிகள் வேறு இருக்கின்றனவே!

திருவிழாக் கடைகளில் விற்கும் பச்சை லேசர் பேனாவையும் சும்மா விடக்கூடாது. மேலே ஒட்டிய லேபிளை நம்பாதீர்கள். பச்சை ஒளியை உண்டாக்க உள்ளே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வேலை செய்கிறது. மலிவுப் பேனாக்களில் அதைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதில்லை. 2010-ல் அமெரிக்காவின் தேசியத் தர ஆய்வு நிலையம் சோதித்த ஒரு பேனாவில், பச்சையைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அகச்சிவப்பு கசிந்ததாம். பிள்ளைகள் இதைக் கண்ணாடியில் அடித்து வேடிக்கை பார்க்கிறார்கள். "யாரு ரொம்ப நேரம் கண்ணைச் சிமிட்டாம இருக்கிறது" என்று பந்தயம் கட்டுகிறார்கள். கண் போனது பிறகுதான் தெரிகிறது.

மகாராஷ்டிரத்தில் விநாயகர் ஊர்வலங்களில் அடித்த லேசர் விளக்குகளால் இளைஞர்களின் கண் பாதிக்கப்பட்டதாக 2023-ல் செய்திகள் வந்தன. கண் மருத்துவர்களும் எச்சரித்தார்கள். நம் ஊர்க் கச்சேரி மேடைகளிலும் இப்போது அதே விளக்குகள்தான். இடுப்பில் குழந்தையோடு மேடைக்கு எதிரே நிற்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அன்று ஒரு சின்னச் சோதனை செய்தேன். கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலையைக் கொடியில் விரித்துப் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுக்கட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணுக்குக் கோடெல்லாம் நேராக இருந்தது. வலது கண்ணுக்கு, "நடுவுல கோடு நெளியுது ஆச்சி" என்றாள். டாக்டர்கள் 'ஆம்ஸ்லர் கட்டம்' என்று அச்சடித்த அட்டையை வைத்துச் செய்வதும் இதுதான். ஆனால் கோடு நேராகத் தெரிந்துவிட்டது என்பதற்காக டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது.

மறுநாளே மதுரைக்குப் போனோம். விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் 'ஓ.சி.டி.' ஸ்கேனில் ஒரு சின்னக் காயம் தெரிந்தது. "இதுக்கு நிச்சயமான மருந்துன்னு ஒண்ணு இல்லம்மா. சின்னக் காயம் மாதக்கணக்கில் ஓரளவு தானாத் தேறும். அடிக்கடி வந்து காட்டுங்க" என்றார் டாக்டர். விழித்திரையில் ஓட்டை விழுந்திருந்தால் ஆப்பரேஷன் தேவைப்படலாமாம். அதைக் கேட்டதும் அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மாமியார், "பிள்ளைக்காரி பாலை ரெண்டு சொட்டு விட்டாச் சரியாப் போகும்" என்றார். வேண்டவே வேண்டாம் தாய்மார்களே! தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதுவும் விழித்திரைவரை போகாது, கிருமிதான் சேரும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பளிச்சென்ற ஒளியைப் பார்த்தபின் தெரியும் நிழல் சில நிமிடங்களில் மறைந்துவிடும். வானத்தைப் பார்க்கும்போது மிதக்கும் நூலிழைகள் பலருக்கும் உண்டு. திடீரென்று அவை கூட்டமாக வந்தாலோ, மின்னல் மாதிரி வெட்டினாலோ, திரை விழுந்த மாதிரி ஓரம் மறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். லேசர் பட்டபின் நடுப்பார்வை மங்கினாலும் அப்படியே. எந்த நிற லேசர், எத்தனை வாட், எவ்வளவு தூரம் என்று எழுதி எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

ஆறு மாதம் ஆகிறது. புள்ளி வெளிறியிருக்கிறது, முழுக்கப் போகவில்லை. மிஷினை அவள் விற்கவில்லை. நாலு பக்கமும் அடைத்த பெட்டிக்குள் வைத்து, கதவைத் திறந்தால் லேசர் தானே அணைகிற மாதிரி சுவிட்சு போட்டிருக்கிறாள். உள்ளே நடப்பதை ஒரு பழைய செல்போன் காமிரா வழியாகத்தான் பார்க்கிறாள். அந்த அறைச் சாவி இப்போது பெட்டகச் சாவியோடு அவள் இடுப்பில் தொங்குகிறது.