தொலைவழங்கு மென்பொருளும் தோட்டக் காரியாலயமும்: தலவாக்கலையை முன்வைத்து ஒரு நோக்கு

மலையகத் தோட்டத்துறையில் வேலை நடைபெறும் இடமும் அவ்வேலை பற்றிய முடிவு எடுக்கப்படும் இடமும் நெடுங்காலமாக வேறுவேறாகவே இருந்து வந்துள்ளன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களுக்கு முன்னர் தோட்டக் கணக்குகள் கொழும்பிலிருந்த முகவர் நிறுவனங்களுக்குச் சென்றன. ஸ்டேர்லிங் கம்பனிகளின் தோட்டங்களைப் பொறுத்தவரை இறுதிச் சொல் இலண்டனிலிருந்து வந்தது. 1992 இல் தோட்ட நிருவாகம் தனியார் முகாமைக்கு மாற்றப்பட்ட பின்னரும் இவ்வமைப்பின் அடிப்படை மாறவில்லை. 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமும் 2020 ஏப்ரலில், கொள்ளைநோய்க் காலத்தில், கணினி வழிக்கு மாறியது. தேயிலையின் விலையும் தொழிலாளியின் நாட்கணக்கும் இன்று கண்ணுக்குத் தெரியாத இயந்திரங்களினூடாகச் செல்கின்றன.

இவ்வியந்திரங்களை இயக்கும் முறைகளுள் ஒன்று, மென்பொருளைத் தொலைவிலிருந்து வழங்குதல் ஆகும். அதனை ஒழுங்கமைப்பதும் தரமுயர்த்துவதும் தொழில்நுட்பவியலாளரின் தனிவிடயம் எனக் கருதப்படுகின்றது. அவை உண்மையில் யாருடைய மொழி, யாருடைய நேரம், யாருடைய வசதி என்பவற்றைத் தீர்மானிக்கும் செயல்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தொலைவழங்கல் என்பது யாது?

தலவாக்கலை வாசகருக்கு இதனை விளக்க ஓர் அண்மை உவமை உண்டு. 2012 இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டத்தில், தலவாக்கலையில் மறிக்கப்படும் நீர் சுரங்கவழியாக நியம்கம்தொரவிலுள்ள நிலக்கீழ் மின்னிலையத்தை அடைகின்றது. மின்சாரம் அங்கே பிறக்கின்றது, வீட்டு விளக்கு அதனைப் பெற்று ஒளிர்கின்றது, அவ்வளவே. தொலைவழங்கலில் சேவையகம் மின்னிலையத்தையும், பயனரின் மேசைமேலுள்ள கணினி விளக்கையும் ஒத்தன. சம்பளக் கணக்கு மென்பொருள் கொழும்பிலுள்ள சேவையகத்தில் ஓடுகின்றது. தோட்டக் காரியாலயத்து எழுதுவினைஞர் விசையை அழுத்தும்போது அவ்வழுத்தம் மட்டும் கம்பிவழி மேலே செல்கின்றது. திரையில் ஏற்படும் மாற்றம் மட்டும் கீழே வருகின்றது.

இக்கருத்து புதியதன்று. ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்துகொள்ளும் முறை 1961 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்துகாட்டப்பட்டது. 1989 இல் நிறுவப்பட்ட சிற்றிக்ஸ் கம்பனி, 1995 இல் வின்பிரேம் என்ற பெயரில் அதனை வின்டோஸ் உலகிற்குக் கொணர்ந்தது. மைக்ரோசொப்ட் 1998 இல் தனது ரேர்மினல் சேவர் பதிப்பை வெளியிட்டது. சிற்றிக்ஸின் பண்டம் மெற்றாபிரேம், பிரசென்ரேசன் சேவர், சென்அப், வேச்சுவல் அப்ஸ் எனப் பெயர் பல பூண்டாலும் தத்துவம் ஒன்றே. கட்டற்ற மென்பொருள் வழியில் 1999 இல் தோன்றிய லினக்ஸ் ரேர்மினல் சேவர் திட்டம் பழைய கணினிகளைக் கொண்டே இத்தகைய பயனைத் தந்தது.

2. ஒழுங்கமைத்தல்

மலைநாட்டிற்கு இம்முறை பொருந்துவதற்கு இரு காரணங்கள் உள. முதலாவது, திரை மாற்றங்கள் மட்டுமே பயணம் செய்வதால் ஒடுங்கிய இணைப்பும் போதுமானது. ஆயினும் இணைப்பின் அகலத்தைவிட அதன் தாமதமே இங்கு முக்கியம். விசையை அழுத்தி எழுத்துத் தோன்றும்வரை காத்திருக்க நேரின் வேலை நடவாது. இரண்டாவது, மின்சாரம் நின்றாலும் வேலை அழிவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை நாம் மறந்திலோம். இங்கே கணினி அணைந்தாலும் சேவையகத்தில் அமர்வு திறந்தே இருக்கும். மின் மீண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால், துண்டிக்கப்பட்ட அமர்வை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பது ஒழுங்கமைப்பவர் இடும் ஓர் எண். மின்வெட்டறியாத கட்டடத்தில் இருப்பவர் அதனைப் பத்து நிமிடம் என இட்டுவிடின், மேற்கூறிய நன்மை முழுவதும் வீணாகும்.

அச்சிடுதலும் அவ்வாறே. மென்பொருள் கொழும்பில், அச்சுப்பொறி தோட்டத்தில். ஒவ்வொரு தோட்டத்து அச்சுப்பொறிக்கும் உரிய இயக்கு மென்பொருளைச் சேவையகத்தில் நிறுவினால் அவை ஒன்றோடொன்று முரணி அமர்வுகளைக் குலைக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் பொதுவான இயக்கியைப் பயன்படுத்துவதே பெரும்பாலும் நன்று. எனினும் சம்பளச் சீட்டின் வரிகள் தாளில் சரியாக அமைகின்றனவா என்பதைத் தோட்டத்திலேயே அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும்.

3. தமிழ் எங்கே தங்கியுள்ளது?

எழுத்துரு பயனரின் கணினியில் இருந்தாற் போதும் என்பது பரவலான எண்ணம். தொலைவழங்கலில் அது பிழையாகும். திரை சேவையகத்தில் வரையப்படுவதால் தமிழ் எழுத்துரு அங்கேயே இருத்தல் வேண்டும். தமிழ் விசைப்பலகை அமைப்பும் அங்கே நிறுவப்பட்டு, பயனரின் விசைப்பலகையோடு இசைவிக்கப்படல் வேண்டும்.

யூனிக்கோட்டில் தமிழ் 1991 இலேயே இடம்பெற்றது. வின்டோஸ் அதனை 2000 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே ஆதரித்தது. அதற்கு முன்னும், அதன் பின் நெடுநாளும், இலங்கையில் பாமினி முதலிய எழுத்துருக்களே பெருவழக்காயிருந்தன. இவற்றில் தமிழ் போலத் தோன்றுவது கணினியின் உள்ளே உரோமன் எழுத்துக்களாகவே சேமிக்கப்படுகின்றது. புதிய சேவையகத்திற்கு மாறும்போது பாமினி எழுத்துருவை நிறுவ மறந்தால், தொழிலாளரின் பெயர்ப்பட்டியல் பொருளற்ற உரோமன் குவியலாக மாறிவிடும். எழுத்துருவை நிறுவுதல் தற்காலிகத் தீர்வு. தரவையே யூனிக்கோட்டிற்கு மாற்றி, தமிழ் அறிந்த ஒருவர் பெயர் பெயராகச் சரிபார்த்தலே நிலையான தீர்வு.

இது சிறு விடயமன்று. பெயரில் ஓரெழுத்து வேறுபட்டதால் ஊழியர் சேமலாப நிதியைப் பெற அலைவது மலையகம் நெடுங்காலமாக அறிந்த துயரம். 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை தோட்டத்துத் திரையை அடையுமா என்பது, சேவையகத்தில் ஒருவர் செய்யும் ஒரு தெரிவிலும் தங்கியுள்ளது.

4. தரமுயர்த்தல்

தரமுயர்த்தலைத் தவிர்க்க இயலாது. சென்அப் 6.5 பதிப்பிற்கான ஆதரவு 2018 யூனில் முடிவுற்றது. ஏழாம் பதிப்பின் உள்ளமைப்பே வேறாகையால், பழையதன்மேல் புதியதை ஏற்றாது, புதிதாக நிறுவி இடம்பெயர வேண்டியிருந்தது. 2023 ஒக்ரோபரில் வெளிப்பட்ட 'சிற்றிக்ஸ் பிளீட்' என்னும் பாதுகாப்புக் குறைபாடு வேறொரு பாடம் தந்தது. வாயிற் கருவியில் திருத்தத்தை நிறுவியது மட்டும் போதவில்லை. முன்னரே களவாடப்பட்ட அமர்வு அடையாளங்கள் அதன் பின்னரும் செல்லுபடியாயின. ஆகையால், திறந்திருந்த அமர்வுகள் யாவற்றையும் முடிவுறுத்தல் அவசியமாயிற்று.

செய்முறை ஒழுங்கைச் சுருங்கக் கூறின், முதலில் உரிமச் சேவையகம் தரமுயர்த்தப்படல் வேண்டும். புதிய பதிப்புகள் பழைய உரிமச் சேவையகத்தை ஏற்காதிருக்கக்கூடும். மைக்ரோசொப்டின் முறையில் உரிமமின்றி இயங்க 120 நாள் அவகாசம் உண்டு. அதனை நம்பி மறந்திருப்போர், ஒரு நாட்காலை எவரும் உட்புக முடியாத நிலையைச் சந்திப்பர். அடுத்து, பழைய சேவையகங்களின் அருகே புதியவற்றை அமைத்துச் சோதித்தல் வேண்டும். பின்னர் பழையவற்றில் புதிய அமர்வுகளைத் தடுத்து, நடப்பவை தாமாக முடிய விட்டு, பயனரைச் சிறுசிறு குழுக்களாக மாற்றுதல் முறை. புதியது நிலைபெறும்வரை பழையதை அழித்தலாகாது.

இவ்வொழுங்கை நூல்கள் கூறும். அவை கூறாத இரண்டினை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். ஒன்று காலம். சம்பளக் கணக்கு முடிக்கும் நாட்களும், தீபாவளி முற்பணம் வழங்கும் வாரமும் தலைநகரின் நாட்காட்டியில் சாதாரண நாட்களாகத் தோன்றலாம். தோட்டத்தில் அவை அவ்வாறல்ல. மற்றையது சோதனையின் இடம். வழமையாகத் தலைமையகத்து விரைவான இணைப்பில் சோதித்து, இறுதியாகவே தோட்டங்களுக்குச் செல்வர். இவ்வரிசை தலைகீழாதல் வேண்டும். மிகத் தொலைவான, மிக மெதுவான இணைப்புடைய காரியாலயத்தில், அன்றாடம் வேலைசெய்யும் எழுதுவினைஞரின் கையால் முதற்சோதனை நிகழ்தல் வேண்டும். 'அரைப்பேர்' விழுந்த ஒரு தொழிலாளியின் கணக்கு சரியாக வருகின்றதா என்று பார்க்கவேண்டும் என்பது அவருக்கே முதலில் தோன்றும்.

5. முடிவுரை

மையத்தில் ஒருமுறை செய்யும் திருத்தம் எல்லாத் தோட்டங்களுக்கும் உடனே போய்ச் சேரும் என்பது தொலைவழங்கலின் சிறப்பு. மையத்தில் நேரும் பிழையும் அவ்வாறே போய்ச் சேரும் என்பது அதன் ஆபத்து. நூறாண்டுக்கு மேலாகத் தொலைவிலிருந்து ஆளப்பட்ட ஒரு சமூகத்திற்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. எனினும் கருவி தன்னளவில் எவர் பக்கமும் சார்ந்ததன்று. அமர்வின் கால எல்லை, எழுத்துரு, அச்சு, தரமுயர்த்தும் நாள் ஆகிய ஒவ்வொன்றும் மனிதர் எடுக்கும் முடிவே. அம்முடிவுகளில் தோட்டக் காரியாலயத்தினரும் தொழிலாளர் பிரதிநிதிகளும் பங்குகொள்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. இவ்விடயங்களைத் தமிழிற் கற்று, தமிழில் விளக்கவல்ல இளைஞரை உருவாக்குதல் எமது பல்கலைக்கழகங்களின் கடமைகளுள் ஒன்றாகும்.