இடுப்பிலிருந்து பீரோவுக்கு

புதுவையில் கடலூர் பஸ் ஏறி, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிச் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் கடந்தால் சற்றைக்கெல்லாம் தவளக்குப்பம் வந்துவிடுகிறது. நான் தேடிப் போன வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. "துப்பாக்கிக்காரர் வீடா? அதோ, வேப்பமரம் தெரியுதே!" என்று சைக்கிளில் போன பையன் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

வாசகிகள் பயப்பட வேண்டாம். துப்பாக்கிக்காரர் என்றதும் முறுக்கு மீசையும் சிவந்த கண்ணுமாக யாரையோ கற்பனை செய்துகொண்டு போனவள்தான் நானும். அங்கே கண்டதோ, திண்ணையில் உட்கார்ந்து பேத்திக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை. வயது 72. நெல் மிஷின் வைத்து நடத்தியவர். லைசென்ஸ் வாங்கிய ரிவால்வர் ஒன்றுக்கு முப்பத்தைந்து வருஷமாகச் சொந்தக்காரர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், விட்டுவிட்டேன்.

ஒரு கைத்துப்பாக்கியை உடம்போடு மறைத்து வைத்துக்கொண்டு நடமாடும் மனிதருக்கு, வயது ஏற ஏற அந்த வழக்கம் எப்படி மாறுகிறது? இதைக் கேட்கத்தான் போயிருந்தேன். கேள்வி அவரிடம், பதில் வந்ததெல்லாம் பெரும்பாலும் உள்ளேயிருந்து காபியோடு வந்த அவருடைய மனைவியிடமிருந்து.

"அவரை என்னத்துக்கும்மா கேக்கறே? சுமந்தது அவரு, கவலைப்பட்டது நானு. என்னைக் கேளு!"

பெரியவர் சிரித்துக்கொண்டு பென்சிலைச் சீவுவதில் முனைந்தார்.

வாரா வாரம் கூலிப் பட்டுவாடாவுக்கும் நெல் கொள்முதலுக்கும் டவுன் பாங்கியிலிருந்து பணம் கொண்டுவர வேண்டும். சில நாள் வசூல் முடிந்து திரும்ப இரவு பத்து மணி ஆகிவிடும். அக்கம்பக்கத்தில் ஒரு வழிப்பறி நடந்தது. கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, போலீஸ் விசாரணை முடிந்து, லைசென்ஸ் வந்து, ரிவால்வரும் வந்தது.

"புதுசிலே பாக்கணுமே இவரை! புதுத் தாலி கட்டின பொண்ணு கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பாக்குமே, அந்த மாதிரி நிமிஷத்துக்கொரு தரம் இடுப்பைத் தொட்டுப் பாப்பாரு. சட்டையெல்லாம் ரெண்டு சைஸ் பெரிசாத் தைச்சாரு. கல்யாணத்துக்குப் போனா வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேணும். பந்தியிலே சம்மணம் போட்டு உட்கார முடியாது. குனிஞ்சு ஒரு நமஸ்காரம் பண்ண முடியாது. கோயிலுக்கு நான் மட்டும் போவேன். இவரு வெளியிலேயே நிப்பாரு, அதை வெச்சுக்கிட்டு உள்ளே வரக் கூடாதுன்னு."

முக்கால் கிலோ கனம் என்பது சொல்லக் கேட்கும்போது ஒன்றுமில்லை. பெல்ட்டில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் நடந்து பார்த்தால் தெரியுமாம். வலது பக்கம் இடுப்பில் ஒரு கருந்தழும்பு பல வருஷம் இருந்தது என்று பெரியவர் காட்டினார். வியர்வை வேறு. கடற்காற்று வேறு. ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணெய் போட்டுத் துடைக்காவிட்டால் துரு. "குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க நேரமிருக்காது, அதுக்கு இருக்கும்" என்று அம்மாள் இடித்தார்.

இங்கே ஒரு சிறு விஷயம். மறைத்து எடுத்துச் செல்வது என்றால் ஏதோ திருட்டுத்தனம் என்று நமக்குத் தோன்றுகிறது. அப்படியல்ல. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவர் அதற்கென்று உள்ள உறையிலோ பையிலோதான் வைத்திருக்க வேண்டும். முழுதும் மூடியிருக்க வேண்டும். அவருடைய கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தில் மறைப்பது மரியாதை, காட்டுவதுதான் தப்பு. அமெரிக்காவிலோ மறைத்து எடுத்துப்போவதற்குத்தான் தனி அனுமதி கேட்டார்கள். நியூயார்க் மாநிலம் 1911-லேயே அதற்குச் சட்டம் செய்தது. இன்று அந்நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அந்த அனுமதியும் தேவையில்லை என்று ஆகிவிட்டது. நம் ஊரில் லைசென்ஸ் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்த பிறகு அதை எங்கே வைப்பது என்பதுதான் தவளக்குப்பத்துப் பெரியவர் முப்பத்தைந்து வருஷமாகப் படித்த பாடம்.

அந்தப் பாடத்தில் ஓர் இரவு உண்டு.

நாலைந்து வருஷம் இடுப்பில் சுமந்த பிற்பாடு நடந்தது. ஐப்பசி மாதத்துத் தூறல். மோட்டார் சைக்கிளில் பணப்பையோடு வருகிறார். அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வண்டி பின்னாலேயே வருகிறது. இவர் வேகம் பிடித்தால் அதுவும் பிடிக்கிறது. மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகிறது. நோணாங்குப்பம் தாண்டிப் பாலத்தருகே விளக்கு இல்லாத இடம். இவர் வண்டியை ஓரங்கட்டினார். பின்னால் வந்தவனும் நிறுத்தினான். இருட்டில் ஏதோ பளபளக்கும் ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு இவரை நோக்கி ஓடி வந்தான்.

உறையின் பித்தான் அவிழ்ந்துவிட்டது. ரிவால்வர் பாதி வெளியே வந்துவிட்டது.

"மாமா! டிபன் காரியரைக் கடையிலேயே வெச்சுட்டீங்களே, மாமா!"

அம்மாளின் சொந்தத் தம்பி. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது.

"அன்னிக்கு ராத்திரி இவரு சாப்பிடலை. வயிறு சரியில்லைன்னாரு. நானும் நம்பிட்டேன். பதினோரு வருஷம் கழிச்சு, அந்தத் தம்பி கல்யாணத்திலே, தாலி கட்டி முடிஞ்சப்புறம் என்னைத் தனியா கூப்பிட்டு இதைச் சொல்லி அழுதாரும்மா. பதினோரு வருஷம் ஒரு மனுசன் இதை மனசுக்குள்ளே வெச்சுக்கிட்டு எங்கிட்டே சோறு வாங்கித் தின்னிருக்காரு."

பெரியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு ரிவால்வர் இடுப்பை விட்டு இறங்கிக் கைப்பைக்குப் போயிற்று. பணம் எடுக்கும் நாளில் மட்டும் கூட வரும். "இடுப்பிலே இருந்தா கை தானே போவுது. பையிலே இருந்தா ஜிப்பைத் திறக்கிற நேரத்துக்குள்ளே எதிரே நிக்கிறது யாருன்னு பார்த்துடலாம்" என்றார் பெரியவர். முதல் தடவையாக அவரே பேசியது இதுதான். கோபக்காரராக இருந்தவர் சண்டை என்றால் விலகிப் போகவும் அப்போதுதான் பழகினாராம். பஸ்காரனோ வாய்க்கால் தகராறோ, கையில் அது இருக்கிற நாளில் யார் திட்டினாலும் கேட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஊரார் 'பயந்தாங்கொள்ளி' என்றுகூடப் பேசினார்களாம்.

கைத்துப்பாக்கிக்கும் புதுவைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தவளக்குப்பத்திலிருந்து வடக்கே பட்டணத்துக்குள் போனால், இதே விஷயத்தை நூறு வருஷத்துக்கு முன் வேறு விதமாக வாழ்ந்து பார்த்த ஒருவரின் ஞாபகம் வருகிறது: வ. வே. சு. ஐயர்.

1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் லைசென்ஸ் இல்லாத இந்தியர் கையில் ஆயுதம் கூடாது என்றது. பிரெஞ்சு எல்லைக்குள் அந்தச் சட்டம் செல்லாது. லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்தும் ராஜ விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்த ஐயர், போலீசார் கண்ணில் மண்ணைத் தூவி 1910-ல் புதுவை வந்து சேர்ந்தார். வயது இருபத்தொன்பது. லண்டனில் அவருக்குச் சகாக்களாக இருந்த சாவர்க்கர் கூட்டத்தார் அதற்கு முந்திய வருஷம்தான் இருபது பிரௌனிங் பிஸ்டல்களை இந்தியாவுக்கு ரகசியமாக அனுப்பியிருந்தார்கள். புனலூரில் காட்டிலாகா உத்தியோகத்தில் இருந்த வாஞ்சிநாதன் புதுவைக்கு வந்தபோது சுடப் பழக்கிவிட்டவர் ஐயரே என்பது வரலாறு.

1911 ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். மறைத்துக் கொண்டுவந்த பிரௌனிங் பிஸ்டலால் வாஞ்சி, ரெயில் பெட்டியில் இருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டார். பிறகு தம்மையே சுட்டுக்கொண்டார். அந்தப் பெட்டியில் ஆஷின் மனைவி மேரியும் இருந்தாள். வாஞ்சியின் வீட்டில் பொன்னம்மாள் இருந்தாள். தேச சரித்திரத்தில் அந்த நாளுக்கு உரிய இடம் உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்த இரண்டு பெண்களைப் பற்றி நம் பாடப் புத்தகங்கள் ஒரு வரியோடு நிறுத்திவிடுவதைப் பார்க்கும்போது எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

அதன் பிறகு ஐயர் சுமார் ஒன்பது வருஷம் புதுவையில் இருந்தார். மனைவி பாக்கியலட்சுமி அம்மாளும் உடன் இருந்தார். பிரிட்டிஷ் ரகசியப் போலீசார் ஓயாமல் வேவு பார்த்துக்கொண்டிருந்த காலம். பிஸ்டல் பழக்கியவர் கைக்குப் பேனா வந்தது இந்த வருஷங்களில்தான். 1915-ல் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதினார். ருக்மிணி என்ற சிறு பெண்ணின் துயரத்தை ஒரு மரம் சொல்வதாக வரும் அந்தக் கதையைத் தமிழின் முதல் சிறுகதை என்று சொல்பவர் பலர். 1916-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். இதெல்லாம் ஒரே நாளில் நடந்த மனமாற்றம் அல்ல. மகா யுத்தம் முடிந்து, பொது மன்னிப்பும் வந்து, 1920-ல் பிரிட்டிஷ் எல்லைக்குள் திரும்பியவர் 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். மறு வருஷம் சிறை சென்றது துப்பாக்கிக்காக அல்ல, பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரைக்காக. பிறகு சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே சாப்பாட்டுப் பந்தியில் சாதி பார்த்த விவகாரம் பெரிய சர்ச்சையாகி அவர் பெயரையும் பாதித்தது. அது தனியே எழுத வேண்டிய கதை.

1925 ஜூன் மாதம். பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரை தவறி விழுந்தாள். ஐயர் அவளைக் காப்பாற்றத் தண்ணீரில் குதித்தார். இருவருமே திரும்பவில்லை. அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அதுவும் அதே திருநெல்வேலிச் சீமைதான்.

இன்றைய பெண்களுக்கென்றே ஒரு துப்பாக்கி வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். டில்லியில் 2012-ல் நடந்த கொடுமைக்குப் பின், கான்பூரிலுள்ள அரசாங்கத் தொழிற்சாலை 2014-ல் 'நிர்பீக்' என்ற சிறு ரிவால்வரை வெளியிட்டது. அரைக் கிலோ கனம், கைப்பையில் அடங்கும், விலை சுமார் 1,22,000 ரூபாய். நகைப் பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்து விற்றார்கள்! இதைத் தவளக்குப்பத்து அம்மாளிடம் சொன்னேன்.

"கைப்பையிலேயா? என் கைப்பையிலே சாவி தேடவே எனக்குக் கால் மணி நேரம் ஆவுது!" என்றார்.

அவருடைய வீட்டு ரிவால்வர் கைப்பையிலிருந்தும் இறங்கிவிட்டது. முதல் பேரன் பிறந்த வருஷம் அது பீரோவுக்குள் போயிற்று. தோட்டாக்கள் வேறு அறையில் வேறு பூட்டில். சாவி அம்மாளின் இடுப்பில். இப்போது அது வெளியே வருவது இரண்டே சந்தர்ப்பங்களில்தான். ஒன்று, லைசென்ஸ் புதுப்பிக்க. 2019 திருத்தத்துக்குப் பின் அதுவும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான். மற்றொன்று, தேர்தல். தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருவது வழக்கம். "தேர்தல் முடிஞ்சாலும் உடனே போய் வாங்கிட்டு வர மாட்டாரு. நாலு மாசம் அங்கேயே கிடக்கும். வீடே லேசா இருக்கும்மா!"

கண் புரை அறுவை செய்துகொண்டவர். விரல்கள் சற்றே நடுங்குகின்றன. அவர் பென்சில் சீவியபோதே கவனித்தேன். 21 வயது நிரம்பாதவருக்கு லைசென்ஸ் கிடையாது என்று சட்டம் ஒரு முனையில் வைத்திருக்கிறது. மறு முனையில், லைசென்ஸ்காரருக்கு 70 வயதானாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவர் தம் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றும் விதி இருக்கிறது. பெரியவருக்கு இரண்டு கணக்கும் நிரம்பிவிட்டன.

மகன் கேட்கிறாராம். நாற்பத்திரண்டு வயது, மிஷினை இப்போது நடத்துபவர் அவர்தான். கூலி முதல் கொள்முதல் வரை எல்லாம் பாங்கி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் போய்விடுகிறது. பணப்பையோடு இரவில் வருகிற வேலையே இல்லை. இருந்தாலும், "அப்பா வெச்சிருந்தது, வீட்டிலே இருக்கட்டுமே" என்கிறார். பெரியவருக்கும் அரை மனசு.

"நான் வேணும்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. உங்க மாமாவைப் போய்க் கேட்டுட்டு வான்னேன்."

அந்த மாமாவுக்கு அதுவரை பாலத்துக் கதை தெரியாது. மகன் போய்க் கேட்டார். எதற்கு என்னைக் கேட்கிறாய் என்று அவர் விழித்தார். விஷயம் வெளியே வந்தது. மறு நாள் காலையே தவளக்குப்பத்துக்கு வந்து அக்காள் புருஷன் பக்கத்தில் இதே திண்ணையில் வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"காரியரை அன்னிக்கு நான் சும்மாவா கொண்டாந்தேன்? எங்க அம்மா அதிலே சுறாப்புட்டு வெச்சுக் குடுத்திருந்தாங்களே மாமா, அதைக்கூடவா நீங்க சாப்பிடலை?"

விண்ணப்பத்தை எனக்குக் காட்டினார்கள். மகன் எல்லாக் கட்டங்களையும் பூர்த்தி செய்து வைத்திருக்கிறார். பெரியவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அம்மாள் அதை மடித்து, பீரோவில், அந்த உறையின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, எனக்கு இன்னொரு காபி போடப் போனார்.