சாவியை யாரிடம் கொடுப்பது? - ஓய்வுக் குடியிருப்பில் கூட்டங்களும் நட்பும்

அமெரிக்காவில் 'ஓய்வுக் குடியிருப்பு' என்று சொன்னவுடன் நம்மவர்களில் பலர் முதியோர் இல்லத்தை நினைத்துக் கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. முதியோர் இல்லத்தில் இருப்பவர் பிறர் பராமரிப்பில் இருக்கிறார். ஓய்வுக் குடியிருப்பில் சொந்த வீடு, சொந்தச் சமையல், சொந்தக் கார் எல்லாம் உண்டு. வயதுதான் நுழைவுச் சீட்டு. நானும் என் மனைவியும் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு அருகே இப்படிப்பட்ட ஓர் இடத்தில் எட்டு ஆண்டுகளாக வசிக்கிறோம். "அங்கே பொழுது எப்படிப் போகிறது?" என்று ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் தவறாமல் கேட்கிறார்கள். பொழுது தானாகவே போய்விடும். நண்பர்கள் எப்படிக் கிடைக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கொஞ்சம் வரலாறு

ஃபீனிக்ஸுக்கு வடமேற்கே 1954-ல் யங்டவுன் என்ற சிற்றூர் ஓய்வு பெற்றவர்களுக்கென்றே தொடங்கப்பட்டது. அதன் பக்கத்தில் டெல் வெப் என்ற கட்டுமானத் தொழிலதிபரின் நிறுவனம் 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டியைத் திறந்தது. முதல் வார இறுதியில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். இன்று அங்கே ஏறத்தாழ 40,000 பேர் வாழ்கிறார்கள். வெப் நிறுவனம் செய்த கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், திறப்பு நாளிலேயே கோல்ஃப் மைதானம், பொழுதுபோக்கு மையம், கடைத்தெரு ஆகியவற்றைத் தயாராக வைத்திருந்ததுதான். வீடு வாங்க வந்தவர்கள், கூடிப் பழகும் வாழ்க்கை ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கினார்கள்.

குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு வீடு மறுக்கக் கூடாது என்று 1988-ல் அமெரிக்க வீட்டுவசதிச் சட்டம் திருத்தப்பட்டது. முதியோர் குடியிருப்புகளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. 1995-ல் வந்த சட்டத்தின்படி, ஆள் குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 விழுக்காட்டில் 55 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவராவது இருக்க வேண்டும். பேரக்குழந்தைகள் விருந்தாளியாக வந்து போகலாம், அவ்வளவுதான்.

கூட்டாஞ்சோறும் சீட்டுக்கட்டும்

எங்கள் மையத்தில் மாதந்தோறும் பெரிய விருந்து ஒன்று நடக்கும். நம் கூட்டாஞ்சோறு மாதிரிதான். குடும்பப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து, இவர்கள் சாலட், இவர்கள் இனிப்பு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். என் மனைவியின் எலுமிச்சைச் சாதத்திற்கு இப்போது நிலையான வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் நூறு பேர் கூடும் இந்த விருந்தில் நட்பு பிறந்து நான் பார்த்ததில்லை. முகங்கள் பழக்கமாகும், பெயர் மறந்து போகும், சிரித்துவிட்டு வருவோம்.

நட்பு பிறப்பது சின்னக் கூட்டங்களில். செவ்வாய்க்கிழமை கனாஸ்டா சீட்டாட்டம், மரவேலைப் பட்டறை, நீச்சல் குளத்து உடற்பயிற்சி, காலை ஆறு மணி நடை. எட்டுப் பேர், அதே கிழமை, அதே மேஜை. காரணம் இல்லாமல் இல்லை. கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்குச் சொல்கிறார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டுமாம். அவர் ஆராய்ந்தது கல்லூரி மாணவர்களையும் புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும். ஆனாலும் எங்கள் செவ்வாய்க்கிழமைக்கு அது அப்படியே பொருந்துகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் 200 மணி நேரத்துக்கு இரண்டு வருடம். நான் இங்கே ஒருவரிடம் மனம் விட்டுப் பேசத் தொடங்கியது மூன்றாவது வருடத்தில்தான்.

வீடு அமைந்திருக்கும் இடத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில் செய்த புகழ்பெற்ற ஆய்வு 1950-ல் வெளிவந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களே மிகுதியாக நண்பர்களானார்கள் என்றும், மாடிப்படி, தபால் பெட்டி அருகே குடியிருந்தவர்களுக்குப் பழக்கம் அதிகம் என்றும் அது கண்டது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுத் தபால் பெட்டிகளும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரு கடிதமும் வராத நாளிலும் மாலையில் அங்கே நாலு பேர் நிற்பார்கள்!

நமக்கு என்ன சிரமம்?

நம் வளர்ப்பில் உறவு என்பது பிறக்கும்போதே கிடைப்பது. பெரியவர் என்றால் மாமா, மாமி, அண்ணா என்று கூப்பிட ஒரு சொல் தயாராக இருக்கும். இங்கே 82 வயதுக்காரர் தன்னை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார். என் மனைவிக்கு இன்னும் அது வாயில் வரவில்லை. "இதோ பாருங்கள்" என்றே சமாளித்துக் கொண்டிருக்கிறாள்.

இன்னொரு சிரமம், கேட்பதில் இருக்கிறது. பிள்ளைகளிடம் உதவி கேட்க நமக்குக் கூச்சமில்லை. அயலாரிடம் கேட்பது கௌரவக் குறைவாகப் படுகிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1973-ல் 'எதிர்பாராத சமூகம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஓர் அடுக்ககத்தில் வாழ்ந்த 43 முதியவர்களைப் பற்றியது அது. பெரும்பாலோர் கணவனை இழந்த பெண்கள். அவர்களுக்குள் இருந்த பிணைப்பைச் சகோதர உறவுக்கு ஒப்பிடுகிறார். பெற்றோர்-பிள்ளை உறவில் ஒருவர் கொடுப்பவர், மற்றவர் பெறுபவர். ஒத்த வயதினரிடையே கணக்கு சமமாகிறது. இன்று நான் உன்னைக் காரில் அழைத்துப் போகிறேன், நாளை நீ எனக்கு ரசம் கொண்டு வா!

அதே நூல் கசப்பான பக்கத்தையும் மறைக்கவில்லை. சற்றுத் திடமாக இருப்பவர், தளர்ந்தவரைப் பார்த்து "பாவம்" என்று சொல்லிக் கொள்வதில் ஒரு படிவரிசை இருந்ததை அவர் கவனித்திருக்கிறார். இங்கேயும் அது உண்டு. நடைவண்டி பிடித்து நடக்கத் தொடங்கியவர்கள் சிலர் தாங்களாகவே கூட்டங்களைத் தவிர்க்கிறார்கள். கணவர் இறந்த பிறகு தம்பதியர் விருந்துக்கு அழைப்பு வராமல் போன பெண்களும் இருக்கிறார்கள். 'இந்த நாற்காலி ஒருவருக்காக வைத்திருக்கிறோம்' என்ற பதிலைப் புதிதாக வந்தவர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். தவிர, ஏப்ரல் வந்தால் மினசோட்டாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் குளிருக்கு ஒதுங்க வந்த 'பனிப்பறவைகள்' திரும்பிப் போய்விடுவார்கள். 43 டிகிரி வெயிலில் பாதித் தெரு பூட்டிக் கிடக்கும்.

சாவி

இவ்வளவு பாடுபட்டு நட்பு எதற்கு? கண்புரை அறுவைக்குப் போனால் தெரியும். மயக்க மருந்து கொடுப்பதால், வீட்டுக்கு அழைத்துப் போக ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிவிடுவார்கள். என் மனைவி கார் ஓட்டுவதில்லை. மகன் இருப்பது பாஸ்டனில், விமானத்தில் ஐந்து மணி நேரம். என்னை அழைத்துப் போய்க் காத்திருந்து கூட்டி வந்தவர் செவ்வாய்க்கிழமை மேஜையில் எனக்கு எதிரே உட்காருபவர். அவர் வீட்டுச் சாவி எங்களிடமும், எங்கள் சாவி அவரிடமும் இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் திரை விலகவில்லை என்றால் தொலைபேசி ஒலிக்கும். எடுக்கவில்லை என்றால் கதவு திறக்கும்.

சமூகத் தொடர்பின்மையால் வரும் அகால மரண ஆபத்து, நாளுக்கு 15 சிகரெட் வரை புகைப்பதால் வரும் ஆபத்துக்கு ஒப்பானது என்று 2023-ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கை எச்சரித்தது. சீட்டாட்டத்தை வீண்பொழுது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

"நம்மவர்கள் மட்டும் சேர்ந்து இருந்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஃபுளோரிடாவின் டவாரிஸ் ஊரில் இந்திய வம்சாவளியினரை மனதில் வைத்து, இந்தியச் சாப்பாடு, பூஜை அறையோடு சாந்திநிகேதன் என்ற குடியிருப்பு உருவானது. மொழியும் சாப்பாடும் பெரிய ஆறுதல்தான். ஆனால் அங்கேயும் 200 மணி நேரம் தேவைப்படும். தமிழ் பேசுவதாலேயே ஒருவர் நண்பராகிவிடுவதில்லை. வள்ளுவரே 'நட்பு' என்ற அதிகாரத்துக்கு அடுத்ததாக 'நட்பாராய்தல்' என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

குடிபோக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உடம்பில் தெம்பு இருக்கும்போதே போங்கள். நட்புக்கு இரண்டு வருடம் கையிருப்பு வேண்டும். ஒரே ஒரு வாரக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆறு மாதம் தவறாமல் போங்கள். அங்கே நாற்காலி அடுக்குவது, காபி போடுவது என்று ஏதாவது ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். வேலை இருப்பவரை எல்லோரும் தேடுவார்கள்.

எங்கள் மேஜையில் எட்டுப் பேர் என்றேனே, முதலில் இருந்த எட்டுப் பேரில் இன்று இருப்பவர்கள் ஐந்து பேர். இருவர் இறந்துவிட்டார்கள். ஒருவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று இடங்களுக்கும் புதியவர்களைச் சேர்த்துக் கொண்டோம். அதில் ஒருவர் நடைவண்டியோடு வருகிறார். சீட்டைக் கலைத்துப் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.