கல்லூரி ஓட்டக்காரரும் தொழில்முறைக் கால்பந்தும்

கால்பந்து என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டார் உள்ளத்தில் தோன்றுவது, உருண்டைப் பந்தைக் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதே பெயரால் வழங்கும் ஆட்டம் முற்றிலும் வேறானது. அங்கே பந்து முட்டை வடிவினது. பெரும்பாலும் கையால் எறியப்படுவது, அல்லது மார்போடு அணைத்து எடுத்துச் செல்லப்படுவது. பதினொருவர் கொண்ட இரு குழுக்கள் 100 கஜ நீளமுள்ள திடலில் எதிரெதிரே நிற்கின்றன. பந்தை உடைய குழு நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். இயலாவிடில் பந்து எதிரிகளைச் சேரும்.

இவ்வாட்டத்தில் "ரன்னிங் பேக்" எனப்படுபவர் ஒருவர் உண்டு. அவரை நாம் ஓட்டக்காரர் என்றே இங்குக் குறிப்பிடுவோம். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரிகளின் அணியைப் பிளந்து ஓடுவது அவர் வேலை. நம் சடுகுடு ஆட்டத்தில் பாடிச் செல்பவர் பிடிபடாமல் தம் எல்லைக்குத் திரும்ப முயல்கிறார். இவருக்கோ திரும்புதல் என்பதே இல்லை; வீழ்த்தப்படும் வரை முன்னேற வேண்டியவர். அவ்வாறு வீழ்த்துபவர்கள் நூறு கிலோ எடைக்கு மேற்பட்ட இரண்டு, மூன்று பேராகவும் இருக்கலாம். 2024-ஆம் ஆண்டில் பாய்சி மாநிலப் பல்கலைக் கழகத்தின் ஆஷ்டன் ஜென்டி என்னும் மாணவர் ஒரே பருவத்தில் 374 முறை பந்தை ஏந்தி ஓடி 2,601 கஜம் முன்னேறினார். அந்த 374 ஓட்டங்களில் மிகப் பல மோதலில்தான் முடிந்திருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தகைய இளைஞர் ஊதியம் பெறும் தொழில்முறை ஆட்டத்தை அடைவது எவ்வாறு? பிற நாடுகளில் கழகங்களே சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும். அமெரிக்காவில் அப்பொறுப்பைப் பல்கலைக் கழகங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உயர்நிலைப் பள்ளியில் சிறந்து விளங்கும் மாணவருக்குப் பல்கலைக் கழகம் உதவித்தொகை அளித்துச் சேர்த்துக்கொள்கிறது. கல்விக் கட்டணம், உறைவிடம், உணவு, நூல்கள் ஆகியவையே நெடுங்காலம் அவருக்குக் கிடைத்த கைம்மாறு. ஆயினும், அவர் ஆட்டத்தைக் காணத் திரளும் மக்கள் ஓரிடத்தில் ஒரு லட்சத்தையும் தாண்டுவதுண்டு.

கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் இடையே உள்ள வேலி எழுந்த கதை சுவையானது. இல்லினாய்ஸ் பல்கலைக் கழகத்தின் ரெட் கிரேஞ்சு என்னும் ஓட்டக்காரர், 1924 அக்டோபர் 18-இல் மிச்சிகன் குழுவுக்கு எதிராக முதல் 12 நிமிடங்களிலேயே நான்கு முறை எல்லைக் கோட்டைக் கடந்து நாடெங்கும் புகழ் பெற்றார். மறு ஆண்டு நவம்பரில், தம் கடைசிக் கல்லூரிப் பந்தயம் முடிந்தவுடன், பட்டம் பெறுமுன்பே சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறைக் குழுவில் சேர்ந்தார். ஒரு வாரம் கழிவதற்குள் அக்குழுவுக்காகத் திடலில் இறங்கிவிட்டார். கல்லூரிகள் கொதித்தெழுந்தன. அதன் விளைவாகத் தேசியக் கால்பந்து லீக், ஒரு மாணவரோடு கல்லூரியில் சேர்ந்தவர்கள் பட்டம் பெற்று வெளியேறும் வரை அவரைச் சேர்ப்பதில்லை என விதி வகுத்தது.

அடுத்து வந்தது "டிராப்ட்" என்னும் முறை. இச்சொல்லுக்குப் படைக்குக் கட்டாயமாக ஆள் எடுத்தல் என்ற பொருளும் உண்டு. மொழிபெயர்ப்பில் பழகிய நமக்கு, இது தற்செயலான ஒற்றுமையாகத் தோன்றவில்லை. எந்தக் குழு தம்மைத் தேர்ந்தெடுக்கிறதோ அதனுடன் மட்டுமே ஆட்டக்காரர் ஒப்பந்தம் பேசலாம். வேறு குழுவை நாட உரிமையில்லை. சென்ற பருவத்தில் கடைசியாக வந்த குழு முதலில் தேர்ந்தெடுக்கும். வலிமை ஓரிடத்தில் குவியாமலிருக்கப் பிலடெல்பியா குழுவின் உரிமையாளர் பெர்ட் பெல் கூறிய யோசனை இது. முதல் தேர்வு 1936 பிப்ரவரியில் நடைபெற்றது. அதில் முதற்பெயராக அழைக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக் கழகத்து ஓட்டக்காரர் ஜே பெர்வாங்கர். ஊதியத்தில் உடன்பாடு ஏற்படாமையால் அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை. ரப்பர்ப் பொருள் வாணிபத்தில் ஈடுபட்டு வாழ்ந்தார். கால்பந்தை விட வேறு தொழில்கள் நல்ல வருவாய் தந்த காலம் அது.

பின்னர் தொலைக்காட்சி பரவிற்று. ஊதியம் பன்மடங்கு பெருகிற்று. காத்திருக்கும் ஆண்டுகளின் விலையும் அதனோடு பெருகியது. ஜார்ஜியா பல்கலைக் கழகத்தின் ஹெர்ஷல் வாக்கர் 1980 முதல் 1982 வரை மூன்று பருவங்களில் 994 முறை ஓடி 5,259 கஜம் முன்னேறினார். லீக் அப்போது அவரை ஏற்காதாகையால், 1983-இல் போட்டியாக எழுந்த வேறொரு லீக்கில் சேர்ந்தார். 1990-இல் விதி தளர்ந்தது: உயர்நிலைப் பள்ளியை விட்டு மூன்று ஆண்டுகள் கழிந்தால் போதும் என்றாயிற்று. அந்த மூன்றாண்டு விதியே இன்றும் நிலைத்திருக்கிறது.

இவ்விதியை நீதிமன்றத்தில் எதிர்த்து நின்றவரும் ஓர் ஓட்டக்காரரே. ஒஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்தின் மாரிஸ் கிளாரெட், 2002-இல் முதலாண்டு மாணவராக 1,237 கஜம் ஓடித் தம் குழு தேசிய முதன்மை பெறத் துணை நின்றவர். மறு ஆண்டு பல்கலைக் கழகம் அவரை ஆடாது விலக்கியது. தொழில்முறைக் கதவும் அடைத்திருந்ததால் அவர் வழக்குத் தொடர்ந்தார். 2004 பிப்ரவரியில் கீழ்க் கோர்ட்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மேயில் மேல் கோர்ட்டு அதனை மாற்றிற்று. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் கூட்டு ஒப்பந்தத்தின் வழியே உறவு கொண்டுள்ளன. ஆகவே யாரைச் சேர்ப்பது என்பது அவ்வேற்பாட்டிற்கு உட்பட்டது. போட்டியைத் தடுப்பதற்கு எதிரான சட்டம் அங்குச் செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். சங்கத்தில் இருப்பவர்களோ ஏற்கெனவே வேலை பெற்றவர்கள். வெளியே காத்து நிற்கும் இளைஞருக்கு அங்கே குரல் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். கிளாரெட் 2005-இல் டென்வர் குழுவால் தேர்ந்தெடுக்கப்பட்டார். பருவம் தொடங்குமுன்பே நீக்கப்பட்டார்.

இனி, மூன்று ஆண்டு காத்திருப்பதில் என்ன தீங்கு என்று சிலர் வினவலாம். பந்தை எறிபவருக்கு அது பயிற்சியாகும். வயது ஏற ஏற அவர் திறமை முதிரும். ஓட்டக்காரரின் நிலை அவ்வாறன்று. அவரது முதல் கால்களின் விரைவு. அஃதோ இளமையிலேயே உச்சத்தை அடைந்து, மோதலில் தேய்வது. தென் கரோலினாப் பல்கலைக் கழகத்தின் மார்க்கஸ் லாட்டிமோருக்கு 2011-இல் ஒரு முழங்காலும் 2012-இல் மற்றொரு முழங்காலும் கடுமையாகச் சேதமுற்றன. 2013-இல் சான்பிரான்சிஸ்கோ குழு அவரைத் தேர்ந்தெடுத்தது. எனினும், ஓர் ஆட்டமும் ஆடாமலே 2014-இல் ஓய்வு பெற்றார். அவருடைய சிறந்த ஓட்டங்கள் யாவும் ஊதியமற்ற ஆண்டுகளில் ஓடி முடிந்தவை.

குழுக்களும் இதனை நன்கு அறியும். ஆண்டுதோறும் இண்டியானாபோலிஸ் நகரில் மாணவ ஆட்டக்காரர்களைச் சோதிக்கும் கூட்டம் நடைபெறுகிறது. 40 கஜ ஓட்டத்தை நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். மருத்துவர்கள் மூட்டு மூட்டாகப் பரிசோதிக்கிறார்கள். அதன் பின் ஏழு சுற்றுத் தேர்வு. 2013, 2014 ஆகிய இரு ஆண்டுகளிலும் முதற் சுற்றில் ஓட்டக்காரர் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. பிந்திய சுற்றுகளிலும் நல்லவர் அகப்படுவார் என்பதே காரணம். டெரல் டேவிஸ் 1995-இல் 196-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரே 1998-இல் 2,008 கஜம் ஓடினார். மறு ஆண்டு முழங்கால் முறிவுற்று, 2001-க்குப் பின் திடலில் இறங்கவில்லை.

2011-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, தேர்ந்தெடுக்கப்பட்டவரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். ஊதியமும் தேர்வு வரிசையைப் பொறுத்து ஏறத்தாழ வரையறுக்கப்பட்டது. இருபத்தொன்றில் நுழைபவர், தம் விலையைத் தாமே பேசும் உரிமையை இருபத்தைந்தில்தான் அடைகிறார். அப்போது, "இவருடைய கால்கள் இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்ற கேள்வி அவருக்கு முன்பே அங்கு வந்து காத்திருக்கிறது. இதற்கு விலக்கு இல்லாமலில்லை. பென் மாநிலப் பல்கலைக் கழகத்திலிருந்து 2018-இல் இரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சேக்வான் பார்க்லி, 2020-இல் முழங்கால் காயமுற்றும், 27-ஆம் வயதில், 2024 பருவத்தில், புதிய குழுவாகிய பிலடெல்பியாவுக்காக 2,005 கஜம் ஓடி அக்குழு முதன்மை பெற உதவினார். விலக்கை நம்பி வாழ்க்கையை அமைக்க எல்லோராலும் இயலாது.

அண்மையில் நிகழ்ந்த மாறுதலின் சிறப்பு இங்குதான் விளங்குகிறது. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு அளித்துப் பொருள் ஈட்டலாம். 2025 ஜூலை முதல், நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, பல்கலைக் கழகங்களே நேராக ஊதியமும் வழங்கலாம். பணம் புகுந்தால் கல்வி தாழும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும், திடலில் திரண்ட பொருளை மற்றெல்லாரும் பகிர்ந்துகொண்ட காலத்தில், அதனை ஈட்டிய கால்களுக்குரியவர் மட்டும் பங்கின்றி நின்றார் என்பதை மறத்தலாகாது. மூன்றாண்டு வேலி இன்னும் அகற்றப்படவில்லை. ஆனால், அவ்வேலிக்குள் ஓடும் இளைஞர் இன்று வெறுங்கையராய் ஓட வேண்டியதில்லை.